கரண்டும் கணினியும்: திண்டுக்கல்லில் அன்றும் இன்றும்

2012-இல் திண்டுக்கல்லில் டி.டி.பி. கடை வைத்திருந்தவர்கள் அந்த ஆண்டின் முகூர்த்த மாதங்களை மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் போன மறுநொடியே மேசைக்கு அடியிலிருந்து யு.பி.எஸ். கீக் கீக்கென்று கத்தத் தொடங்கும். திரையில் கோரல்டிராவில் பாதி முடிந்த கல்யாணப் பத்திரிகை. எதிர் ஸ்டூலில் பெண் வீட்டார், தாய்மாமன்கள் பெயர் எந்த வரிசையில் வர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். "தம்பி, அடிச்சதெல்லாம் போயிருமா?" என்று ஒருவர் பதறுவார். "இல்லண்ணே, சேவ் பண்ணிட்டேன்" என்று சொல்லும்போதே விரல்கள் கண்ட்ரோலையும் எஸ்ஸையும் அழுத்தியிருக்கும். அடுத்து பிரிண்டர் சுவிட்சை அணைக்க வேண்டும். அதற்கடுத்து ஸ்கேனர். பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கினால் பெரிது. அதற்குள் கரண்ட் வராவிட்டால் சிஸ்டத்தை ஷட்டவுன் செய்துவிட்டு, எல்லோரும் வாசலுக்கு வந்து காற்று வாங்க வேண்டியதுதான்.

அந்த யு.பி.எஸ்ஸுக்குள் இருந்தது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று. இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. பென்டியம் 4 சிபியூவும் பெரிய டப்பா மானிட்டரும் சேர்ந்து 180 வாட் வரை இழுக்கும். அவ்வளவு வேகமாக உறிஞ்சினால் பேட்டரி தன் முழுக் கொள்ளளவையும் தராது. நேர் மின்சாரத்தை மாறு மின்சாரமாக்கும்போதும் கொஞ்சம் வெப்பமாக வீணாகிவிடும். காகிதக் கணக்கில் வரும் அரை மணி நேரம், மேசையில் பத்து நிமிடமாகச் சுருங்கியது இப்படித்தான்.

இன்றைக்கு சாலை ரோட்டிலோ ஆர்.எம். காலனியிலோ ஒரு இ-சேவை மையத்துக்குள் போனால், அதே அளவு பேட்டரி கொண்ட அதே மாதிரி யு.பி.எஸ்தான் மேசைக்கு அடியில் இருக்கிறது. பேட்டரி புதிதாக இருந்தால், கரண்ட் போன பிறகும் முக்கால் மணி நேரம் வரை விண்ணப்பங்களை நிதானமாக ஏற்றிக்கொண்டிருக்கலாம். இப்போதைய சிபியூவும் தட்டை மானிட்டரும் சேர்ந்து, டைப் அடிக்கும் மாதிரியான வேலைக்கு 50 வாட் அளவில்தான் எடுக்கின்றன. இந்த மிச்சத்தில் ஏறக்குறைய பாதி, டப்பா மானிட்டர் போய் எல்.இ.டி. வந்ததால் கிடைத்தது. மறுபாதி பெட்டிக்குள்ளிருந்து வந்தது. வேலைக்குத் தக்கபடி வேகத்தை ஏற்றி இறக்க பிராசசருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இது எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான், கணினி வைத்திருக்கும் நாம் செய்ய வேண்டியது இன்னும் என்ன மிச்சமிருக்கிறது என்பது விளங்கும்.

ஒரே வேகத்தில் ஓடிய காலம்

தொண்ணூறுகளில் தட்டச்சுப் பயிலகங்கள் இருந்த தெருக்களில் 'கம்ப்யூட்டர் சென்டர்' பலகைகள் ஏறத் தொடங்கின. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏசி போட்ட அறையில் துணி உறை மூடிய கணினிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசர். அந்தக் காலத்து 386, 486 பெட்டிகள் பலவற்றின் முகப்பில் பவர், ரீசெட் ஆகியவற்றோடு 'டர்போ' என்று மூன்றாவதாக ஒரு பட்டனும், இரண்டு இலக்கம் காட்டும் சிறு விளக்கும் இருந்தன. பட்டனை அழுத்தினால் 33 என்று இருந்தது 66 என்று மாறும். அதைப் பார்த்ததும் கணினிக்கு வேகம் கூடிவிட்டது என்று மாணவர்களுக்கு ஒரே உற்சாகம்.

உண்மையில் அந்தப் பட்டன் வேகத்தைக் குறைக்கத்தான் பிறந்தது. 1981-இல் வந்த ஐ.பி.எம். பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த வேகத்தையே நேரக் கணக்காக வைத்து எழுதிய விளையாட்டுகளும் நிரல்களும் புதிய கணினிகளில் கண்மண் தெரியாமல் பறந்தன. அவற்றை ஓட்டுவதற்காகக் கணினியை வேண்டுமென்றே மெதுவாக்கும் வசதிதான் டர்போ பட்டன். விளக்கில் தெரிந்த எண்ணும் அளந்து சொன்ன எண் கிடையாது. பெட்டியைக் கோத்தவர், உள்ளே சிறு ஜம்பர்களைச் செருகி, எந்த எண் தெரிய வேண்டும் என்று தீர்மானித்திருப்பார்.

பிராசசரின் நிஜ வேகத்தைத் தீர்மானித்ததும் ஜம்பர்கள்தாம். மதர்போர்டு கையேட்டை விரித்து வைத்து, டார்ச் அடித்து, ட்வீசரால் அந்தக் குட்டிப் பிளாஸ்டிக் தொப்பிகளைச் சரியான ஊசிகளில் மாட்ட வேண்டும். 1998-இல் வந்த செலரான் 300ஏ பிராசசருக்கு 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கிவிட்டால் 300 மெகாஹெர்ட்ஸ் 450 ஆகிவிடும் என்பது அந்நாளில் உலகெங்கும் மெக்கானிக்குகளிடையே பரவிய சேதி. ஒருமுறை வைத்த வேகம் வைத்ததுதான். டைப் அடித்தாலும், படத்தை ரெண்டர் செய்தாலும், ஆபரேட்டர் சாப்பிடப் போனாலும் கடிகாரத் துடிப்பு ஒன்றேதான்.

சூடு போட்ட தடை

1993-இல் வந்த முதல் பென்டியம் 66 மெகாஹெர்ட்ஸில் ஓடி, 16 வாட் அளவில் மின்சாரம் எடுத்தது. 2004-இல் வந்த பென்டியம் 4 வகைகள் 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டபோது கணக்கு 115 வாட் வரை போய்விட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர் வரும் என்று அறிவித்திருந்த இன்டெல் அதே ஆண்டில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அதற்கு மேல் வேகத்தை ஏற்றினால், எழும் சூட்டை வெளியேற்ற வழியில்லை.

சிப்பின் மின் செலவுக் கணக்கு எளிமையானது. வேகம் இரட்டித்தால் செலவு இரட்டிக்கும். ஆனால் மின்னழுத்தம் இரட்டித்தால் செலவு நான்கு மடங்காகும். வேகத்தைக் குறைத்தால் கூடவே மின்னழுத்தத்தையும் குறைக்க முடியும் என்பதுதான் இதிலிருக்கும் சூட்சுமம். ஒரு பிராசசரின் வேகத்தைப் பாதியாக்கி, மின்னழுத்தத்தை 1.2 வோல்டிலிருந்து 0.9 வோல்டுக்கு இறக்கினால், அந்தக் கணத்தில் எடுக்கும் மின்சாரம் பழையதில் 28 சதவீதம்தான். வேலை முடிய இரு மடங்கு நேரமானாலும் மொத்தச் செலவு 56 சதவீதத்தோடு நின்றுவிடும்.

இதை இயங்குதளமே பார்த்துப் பார்த்துச் செய்யலாம் என்று 1994-இலேயே அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் மார்க் வைசரும் உடனிருந்தவர்களும் ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள். 1996 இறுதியில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏ.சி.பி.ஐ. என்ற பொது விதிமுறையைக் கொண்டுவந்தன. மின்சார நிர்வாகம் பயாஸிடமிருந்து இயங்குதளத்தின் கைக்கு வந்தது அப்போதுதான். முதல் பலன் மடிக்கணினிகளுக்குப் போனது. 2000 ஜனவரியில் இன்டெலின் ஸ்பீடுஸ்டெப் வந்தது. மேசைக் கணினிக்கு வர இன்னும் மூன்று ஆண்டுகள் ஆயின. 2003-இல் ஏ.எம்.டி.யின் அத்லான் 64 'கூல் அன் கொயட்' என்ற வசதியோடு வந்தது. அடுத்த ஆண்டு லினக்ஸில் 'ஆன்டிமாண்ட்' என்ற வேகக் கட்டுப்பாட்டு நிரல் சேர்ந்தது. வெங்கடேஷ் பள்ளிபாடி முதலான இன்டெல் பொறியாளர்களின் உழைப்பு அது. பிராசசரின் சுமை ஒரு அளவைத் தாண்டினால் உடனே உச்ச வேகத்துக்குத் தூக்கும். சுமை குறைந்தால் வேகத்தை இறக்கிவிடும்.

இவையெல்லாம் திண்டுக்கல் கடைகளுக்கு வரும் பெட்டிகளிலும் இருந்தன. ஆனால் சிஸ்டம் ஹேங் ஆனால், முதல் வேலையாக பயாஸுக்குள் போய் இந்த வசதிகளை அணைத்துவிடுவது மெக்கானிக்குகள் பலரின் பழக்கமாக இருந்தது. வேகம் தானாகக் குறையும் என்பதையே வாடிக்கையாளர்கள் குறையாகத்தான் பார்த்தார்கள்.

மின்வெட்டு கற்றுக்கொடுத்த பாடம்

தமிழகத்தில் 2008-இல் தொடங்கிய மின்பற்றாக்குறை 2012-இல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாட்கள் இருந்தன. உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத வெட்டு. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் டீசல் ஜெனரேட்டர்கள் உறுமின. காற்றாலைகள் சுழலும் ஆடி மாதத்து மேற்குக் காற்று மட்டுமே கொஞ்சம் ஆறுதல். காற்று அடங்கியதும் வெட்டு நீண்டது.

சிறு கடைக்காரர்கள் அந்த ஆண்டுகளில் கரண்டைச் சுற்றியே தங்கள் நாளை அமைத்துக்கொண்டார்கள். வசதியுள்ளவர்கள் பெரிய டியூபுலர் பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். மற்றவர்கள் கரண்ட் வரும் நேரத்தைப் பார்த்துக் கடை திறந்தார்கள். பிரவுசிங் சென்டர்களில் எட்டு சிஸ்டம் இருந்த இடத்தில் பேட்டரியில் இரண்டு மட்டும் ஓடின. தேர்வு முடிவு பார்க்க வந்த மாணவர்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். கணினி எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்ற கேள்வி முதன்முதலாகக் கடைக்காரர்களின் வாயில் வந்தது இந்தக் காலத்தில்தான்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு நிறுவனமான எல்காட் வாங்கித் தந்த அந்தக் கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. நிலக்கோட்டையிலும் ஒட்டன்சத்திரத்திலும் நத்தத்திலும் பிளஸ் டூ படித்த பிள்ளைகள் கரண்ட் இல்லாத மாலைகளில் அதில் வேலை செய்தார்கள். பேட்டரி படத்தைத் தட்டினால் 'பேலன்ஸ்டு', 'பவர் சேவர்' என்று வரும். பவர் சேவரில் போட்டால் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடும் என்று தாங்களே கண்டுகொண்டார்கள். வேகத்துக்கும் கரண்டுக்கும் உள்ள கணக்கை ஒரு தலைமுறையே அனுபவத்தில் படித்தது இப்படித்தான். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று கடை நடத்துகிறார்கள்.

2014 ஜூன் முதல் மின் கட்டுப்பாடுகள் விலக்கப்படுவதாக அரசு அறிவித்தது. கரண்ட் நிலைத்ததும் அந்தப் பாடம் மெல்ல மறந்துபோனது.

இன்று: பிராசசரே பார்த்துக்கொள்கிறது

2015-க்குப் பிறகு வந்த இன்டெல் பிராசசர்களில் வேகத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு சிப்புக்கே போய்விட்டது. இயங்குதளம் கேட்டுச் சொல்லும்வரை முன்பு முப்பது மில்லிவிநாடி அளவுக்குக் காத்திருந்த வேலை, இப்போது ஓரிரு மில்லிவிநாடியில் முடிகிறது. பழைய பிராசசர் ஒரே கியரில் பூட்டிய வண்டி என்றால், இன்றையது வத்தலகுண்டு தாண்டிக் கொடைக்கானல் மலையில் ஏறும் பேருந்து. ஏற்றத்தையும் வளைவையும் பார்த்துக் கியர் மாறிக்கொண்டே இருக்கிறது.

இதை நம் மேசையிலேயே பார்க்கலாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து 'பெர்பார்மன்ஸ்' பக்கத்துக்குப் போங்கள். சிபியூ படத்துக்குக் கீழே 'ஸ்பீடு' என்று ஒரு எண் இருக்கும். மவுஸைத் தொடாமல் இருந்தால் 1.2, 0.9 என்று இறங்கும். ஃபோட்டோஷாப்பைத் திறந்தால் சட்டென்று 4-ஐத் தாண்டும். திறந்து முடித்ததும் மறுபடி இறங்கிவிடும். 2022-இல் வந்த ஐ5-12400-க்கு அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.4. மின்சாரக் கணக்கிலும் அப்படித்தான். அடிப்படை அளவு 65 வாட், உச்சத்தில் 117 வாட். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 4.4 என்பது சூடும் மின்சாரமும் இடம் கொடுத்தால் எட்டக்கூடிய வேகம். எந்நேரமும் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

வேகத்தை இறக்குவதைவிடப் பெரிய சேமிப்பு தூக்கத்தில் கிடைக்கிறது. இரண்டு எழுத்தைத் தட்டுவதற்கு இடைப்பட்ட நேரத்தில்கூட, வேலையில்லாத கோர்களுக்கான மின்சாரத்தை இன்றைய பிராசசர் ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடுகிறது. அதனால் வேலையை வேகமாக முடித்துவிட்டுச் சீக்கிரம் தூங்கப்போவது பல சமயங்களில் மெதுவாக இழுத்துக்கொண்டிருப்பதைவிடச் சிக்கனம். வேகத்தை எப்போதும் அடிமட்டத்தில் கட்டிப்போட்டால் கரண்ட் மிச்சமாகும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எப்போதும் 'ஹை பெர்பார்மன்ஸ்' போட்டால்தான் சிஸ்டம் பறக்கும் என்று நினைப்பவர்களும்தான். வேலை வந்தால் பேலன்ஸ்டிலும் அதே உச்ச வேகம் கிடைக்கிறது. சும்மா இருக்கும்போது இறங்கிக்கொள்கிறது என்பதுதான் வித்தியாசம்.

பில்லில் இது எவ்வளவு? நாளுக்குப் பத்து மணி நேரம் திறந்திருக்கும் கடையில் 180 வாட் கணினி இரண்டு மாதத்தில் 108 யூனிட் எடுக்கும். 50 வாட் கணினி 30 யூனிட். ஒரே மேசையில் 78 யூனிட் மிச்சம். வணிக இணைப்புக்கு வீடுகளுக்குத் தரும் 100 யூனிட் இலவசம் கிடையாது என்பதால் ஒவ்வொரு யூனிட்டும் கைக்காசு. வீட்டிலோ, இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும்.

இன்றும் நம் கையில் இருப்பவை

இவ்வளவு புத்திசாலித்தனமும் சூட்டிடம் தோற்றுவிடும். பல இன்டெல் பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. அதை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே வெட்டிவிடும். சிப்பின் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறுகிறது. சித்திரை, வைகாசியில் திண்டுக்கல் சமவெளி 40 டிகிரியைத் தொடும்போது, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கடைக்குள் நிலைமை இன்னும் மோசம். மார்கழியில் சிரமமில்லாமல் ஓடிய அதே சிஸ்டம் கத்திரி வெயிலில் இழுப்பதற்கு இதுதான் காரணம்.

இப்படி இழுக்கும் சிஸ்டம் ஒன்றின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான். காற்றாடிக்கு அடியில் இருக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்குகளை, கம்பளி விரித்ததுபோல் சாம்பல் நிறத்தில் தூசி அடைத்திருக்கும். ரோட்டு மண்ணும் காகிதத் துகளும் பஞ்சும் அதில் கலந்திருக்கும். 4 கிகாஹெர்ட்ஸ் போக வேண்டிய பிராசசர், காற்றே புகாத அந்தப் போர்வைக்குக் கீழே 1.5-இல் முனகிக்கொண்டிருக்கும். காற்றாடி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தள்ளி, ப்ளோயர் அடிக்க வேண்டும். இறக்கையைப் பிடிக்காமல் அடித்தால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பழுதாகலாம். ஆண்டுக்கணக்கில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை வழித்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடினால், அதே டாஸ்க் மேனேஜரில் வேகம் பழையபடி ஏறும். புது ரேம் வாங்கச் சொல்லிப் பணம் பறிக்கப்படுவதற்கு முன் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

அடுத்தது அமைப்புகள். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் 'பேலன்ஸ்டு' இருக்கட்டும். மானிட்டர் ஐந்து நிமிடத்தில் அணைய, கணினி அரை மணியில் தூங்க என்று வைத்துவிடுங்கள். வெயில் காலத்தில் சூடு தாங்கவில்லை என்றால், மேம்பட்ட அமைப்புகளில் 'மாக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' என்பதை 100-இலிருந்து 99 ஆக்கினால் போதும். ஒரு சதவீதம்தான் குறைத்த மாதிரி தெரியும். ஆனால் விண்டோஸ் இதை, இன்று டர்போ என்று சொல்லும் அடிப்படைக்கு மேற்பட்ட வேகம் வேண்டாம் என்ற உத்தரவாக எடுத்துக்கொள்வதால், பல சிஸ்டங்களில் உச்ச வேகம் நின்று சூடும் காற்றாடிச் சத்தமும் சட்டென்று அடங்கும். விண்ணப்பம் ஏற்றுவதற்கும் பத்திரிகை அடிப்பதற்கும் மிஞ்சியிருக்கும் வேகமே தாராளம். வீடியோ எடிட்டிங் செய்பவர்கள் மட்டும் 100-இலேயே விட்டுவிடலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலையை 'சிபியூபவர்' என்ற கட்டளை செய்து தரும். ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசசர் வைத்திருப்பவர்கள், மின்சாரத்தைக் குறைக்கும் ஈகோ மோடைப் பார்க்கலாம்.

பழைய காலத்தின் ஒரு பழக்கத்தை மட்டும் விடக்கூடாது. கடையைப் பூட்டும்போது சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது. இடி மின்னல் இறங்கும் ஐப்பசி இரவுகளில் எந்தப் பிராசசர் அமைப்பும், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸைக் காப்பாற்றாது.

அன்று கரண்ட் தொல்லையைச் சமாளிக்கப் பணம் வேண்டியிருந்தது. ஸ்டெபிலைசரும் இன்வெர்ட்டரும் வாங்க முடிந்தவர் கடை நடத்தினார், முடியாதவர் ஷட்டரை இறக்கினார். இன்று மின்சாரச் சிக்கனம் மிகச் சாதாரணக் கணினிக்குள்ளும் கூடுதல் விலையில்லாமல் வந்துவிட்டது. அதைத் தெரிந்து பயன்படுத்துவதுதான் பாக்கி. அரசுப் பள்ளிகளின் ஹைடெக் லேபில் கணினி ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு பாடவேளை இதற்காக ஒதுக்கினால் போதும். டாஸ்க் மேனேஜரில் வேகம் ஏறி இறங்குவதைக் காட்டி, ஒரு பெட்டியைத் திறந்து தூசி தட்டக் கற்றுக்கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளைகள் ஊரிலுள்ள கடைகளையும் வீடுகளையும் பார்த்துக்கொள்வார்கள்.